பெட்டி மாற்றுவதற்கு முன்

இஸ்திரிப் பெட்டி கெட்டுப்போனால் யோசிக்க ஒன்றுமில்லை. கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வந்தால் மறுநாள் வேலை நடக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அதைவிட மூன்று மடங்கு விலையில் வேறொன்றை வாங்கலாமா என்று யோசிப்பதுதான் பெரும்பாடு. ஜார்ஜ் டவுனில் துணி தேய்க்கும் கடை நடத்தும் எனக்கு அந்தப் பாடு வந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிய குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கு நல்ல பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கும், கடை போட நினைக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று அவற்றை விரித்து எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குள் மருமகளாக வந்தவள். மாமனார் வீட்டார் வண்ணாந்துறையில் துவைத்தவர்கள். பினாங்கு வரைபடத்தில் டோபி காட் என்று போட்டிருக்கும் இடம் அது; ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரை, யார்க் ரோட்டுப் பக்கம். சிங்கப்பூரிலும் அதே பெயரில் ஓர் இடம் உண்டு, ஆனால் அங்கே இப்போது ரயில் நிலையம்தான். எங்கள் ஊரில் இன்றும் அந்தக் கரையில் கொடி கட்டித் துணி காயப் போடுகிறார்கள். ஆற்றில் இறங்கித் துவைத்த காலம் போய், மிஷினும் சிமெண்டுத் தொட்டியும் வந்துவிட்டன. மாமாவின் அப்பா துறையிலேயே இருந்தார். மாமாதான் டவுனுக்குள் வந்து, ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பலகை போட்டார். அப்போது பழைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, கையைக் கடிக்காத வாடகை. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு முழுவதுமாக நீங்கியதும் வாடகை ஏறியது. முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுக்கொடுத்தோம். துவைக்கும் வேலை அத்தோடு போயிற்று, தேய்க்கும் வேலை மட்டும் தங்கியது. இதைச் சொல்லக் காரணம் உண்டு: பெட்டி வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், வாட்டைப் பார்ப்பார்கள். எனக்கு அடியும் அங்குலமும்தான் முதலில் கண்ணில் பட்டன.

மாமா சிறுவயதில் கரிப் பெட்டியில் பழகியவர். பித்தளையில் செய்தது. மூடியைப் பூட்டும் கொண்டியில் ஒரு சேவல் நிற்கும். மலாய்க்காரர் வீடுகளிலும் அதே சேவல் பெட்டிதான். இப்போது பழம்பொருள் கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிரட்டைக் கரி போட்டால் சூடு சீராக நிற்கும் என்பார் மாமா. அது கிடைக்காதபோது பேராக் பக்கம் கோல செபத்தாங் சூளைகளிலிருந்து வரும் கண்டல் மரக்கரி. அடித்தகட்டை வாழை இலையில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் துணியில் வைப்பார்களாம். பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளைச் சட்டையில் ஒரு பொறி விழுந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

அந்தக் கரிப் பெட்டி ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும். நான் முதலில் பாவம் என்று நினைத்தேன். மாமா சிரித்தார். "கனம் உனக்குக் கூலி வாங்காத ஆள், அம்மா. நீ தள்ளினால் போதும், அமுக்குவதை அது பார்த்துக்கொள்ளும்" என்றார். வீட்டில் ஒரு வாரத்துத் துணியைத் தேய்ப்பவர்களுக்கு இது புரியாது. ஒன்றேகால் கிலோ பெட்டி கைக்கு இதமாகத்தான் இருக்கும். அதையே காலையிலிருந்து மாலைவரை பிடித்துப் பாருங்கள். பெட்டியில் இல்லாத கனத்தைத் தோள் கொடுக்கிறது. சாயந்தரம் வலிப்பது மணிக்கட்டு இல்லை, தோள்பட்டையின் பின்பக்கம். லேசான பெட்டிதான் நல்ல பெட்டி என்று கடைக்காரர்கள் சொல்வது வீட்டுக்குச் சரி. பலகைக்கு அது பொருந்தாது.

மின்சாரப் பெட்டி ஒன்றும் நேற்று வந்ததில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி 1882இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சூட்டைத் தானே நிறுத்தி வைக்கும் தெர்மோஸ்டாட் 1920களில்தான் பெட்டிக்குள் ஏறியது. அதுவரை சூடு ஏறினால் பிளக்கைப் பிடுங்கு, இறங்கினால் சொருகு என்ற பிழைப்புதான். கரிப் பெட்டி அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததில் ஆச்சரியமே இல்லை.

மாமா கடைசிவரை வைத்திருந்ததும், நான் அவருக்குப் பிறகு எடுத்துக்கொண்டதும் நேஷனல் கம்பெனியின் கனமான டிரை அயன். ஆவி கிடையாது, தண்ணீர்த் தொட்டி கிடையாது, ஏறக்குறைய இரண்டு கிலோ, ஆயிரம் வாட். நேஷனல் பிறகு பானாசோனிக் ஆனது; கனப் பெட்டிகள் அந்தப் பெயரிலும் வந்தன. அதில் கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றுமே இல்லை. வயர் நசுங்கும், மாற்றுவோம். திருகு தேயும், மாற்றுவோம். அதனாலேயே அதை விட்டு நகரவேண்டிய தேவை எனக்குத் தெரியாமல் இருந்தது. பெட்டி மாறவில்லை. பலகைக்கு வரும் துணி மாறியிருந்தது.

மலேசியா முழுக்க மூலைக்கு மூலை காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகள் முளைத்தன. பினாங்கு மட்டும் தப்புமா? எங்கள் தெருவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்று கண்ணில் படும். ஜனங்கள் அங்கே துவைத்து, காஸ் டிரையரில் போட்டு, சூடு ஆறுமுன் பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்து, "அக்கா, அயன் மட்டும்" என்று என்னிடம் கொண்டு வருகிறார்கள். வெயிலில் காய்ந்த துணியில் கொடியின் தடம் இருக்கும், அவ்வளவுதான். டிரையரில் எலும்பாகக் காய்ந்து, பையில் கசங்கி, கசங்கிய நிலையிலேயே ஆறிய துணி வேறு ஜாதி. அந்தச் சுருக்கம் யாரோ வேண்டுமென்றே தேய்த்து வைத்தது போல நிற்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தி இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பவை நுண்ணிய பிணைப்புகள். தண்ணீர் உள்ளே போனால் பிடி தளரும், காய்ந்தால் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். தேய்ப்பது என்றால் ஈரத்தால் பிடியைத் தளர்த்தி, கனத்தால் நேராக்கி, சூட்டால் காயவைத்து, நேராக இருக்கும்போதே இறுகச் செய்வது. பாலியஸ்டர் கதை வேறு. அதற்குத் தண்ணீர் பிடிக்காது. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்து வைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. எழுபது, எண்பது டிகிரியில் அது இளகும், ஆறும்போது அப்போதிருந்த மடிப்போடு நிற்கும். டிரையர் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் சுற்றுகிறது. பள்ளிச் சீருடை, ஆபீஸ் சட்டை எல்லாம் இரண்டும் கலந்த துணி என்பதால் இரண்டு வகைச் சுருக்கமும் ஒன்றாக வந்து பலகையில் விழும்.

பழைய முறையில் இதற்கு மருந்து இருந்தது. துணிக்குத் தண்ணீர் தெளித்து, சுருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரத்துணியால் மூடி வைப்போம். ஓரிரு மணி நேரத்தில் ஈரம் எல்லா இழைக்கும் சமமாகப் பரவிவிடும். பிறகு கனப் பெட்டியை வைத்தால் வெண்ணெய்தான். ஆவிப் பெட்டி விற்பவர்கள் விற்பது, நாங்கள் கையால் தெளித்த அந்தத் தண்ணீரைத்தான். மாமா இருந்திருந்தால் இதைச் சொல்லியே என்னை வாங்கவிடாமல் செய்திருப்பார். அவர் காலத்து வாடிக்கையாளர் இன்று கொடுத்து நாளை மறுநாள் வாங்கினார். இன்று கொடுப்பவர் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிறார். ஊறவைக்க நேரமும் இல்லை, சுருட்டிய துணியை அடுக்கி வைக்க இடமும் இல்லை. பின்பாதிதான் போய்விட்டதே. தெளித்த கையோடு தேய்த்தால் மேலே ஈரம் தங்கும், உள்ளே காய்ந்தே இருக்கும். ஒரே சட்டையை மூன்று முறை தேய்க்க வேண்டிவரும்.

பக்கத்துக் கடை தையற்காரர் சீனர், கோட்டும் சியோங்சாமும் தைப்பவர். நான் ஒரே காலரோடு மல்லுக்கட்டுவதைக் கடைக்கு முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, என் பெட்டியைப் பிடித்துப் பாருங்கள்" என்று மலாயில் சொன்னார். அவருடையது சில்வர் ஸ்டார் என்ற கொரியப் பெட்டி. தையற்கடைகளில் பலரும் பார்த்திருப்பீர்கள்: தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் குடுவை தொங்கும், அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பெட்டிக்குள் சேரும். பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு வால்வு திறந்து, சூடான அறையில் தண்ணீர் விழுந்து ஆவியாகும். பம்பு கிடையாது, எல்லாம் குடுவையின் உயரம் கொடுக்கும் விசை. பெட்டியும் என் பழைய பெட்டியின் கனத்துக்குக் குறைவில்லாதது. டிரையரில் இறுகிய ஒரு பள்ளிச் சட்டையைக் கொண்டுபோய் அவர் மேசையில் போட்டேன். ஆவியை விட்டு, அரை நொடி பொறுத்து, ஓர் இழுப்பு. மறு இழுப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்றே வாங்கியிருக்கலாம்தானே என்றால், இல்லை. கடைகடையாகக் கேட்டேன். கொம்தாரிலும், பேரங்காடிகளிலும், மொத்த வியாபாரக் கடைகளிலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

வீட்டு ஆவிப் பெட்டிகள்தான் அதிகம் கண்ணில் படுபவை. அழகான நிறம், இருபத்தைந்து வசதி. எனக்குத் தோதுப்படாததற்குக் காரணம் அவற்றின் வயிறு. கால் லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும், ஓயாமல் ஆவி விட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தண்ணீரும் கனமும் கைப்பிடிக்குள்ளேயே இருப்பதால் நிரப்பும்போது ஒரு கனம், தீரும்போது வேறு கனம். அதைவிட முக்கியம், உத்தரவாதச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி: வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. தண்ணீர்த் தொட்டி தனியாக இருக்கும் வீட்டுப் பெட்டிகளும் அப்படித்தான். ஒரு கடையில் விற்பனைக்கு நின்ற தம்பி, "கடைக்குன்னு சொல்லாதீங்க அக்கா, வீட்டுக்குன்னு பில் போட்டுர்றேன்" என்றார். நல்ல மனசுதான். பழுதானால் அவரா வந்து பார்க்கப் போகிறார்?

மறுகோடியில் கொதிகலப் பெட்டி. தரையில் ஒரு சிறு பாய்லர், அதிலிருந்து அழுத்தத்தோடு ஆவி வரும் குழாய், கூடவே ஆவியை உறிஞ்சும் மேசை. பெரிய லாண்டரிக் கம்பெனிகள் வைத்திருப்பது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றாகச் சிறு ஹோட்டல்களாக மாறின. அந்தப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் போவது இவர்களிடம்தான். அந்த வேலையில் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும் என்று ஆசை காட்டினார் பாய்லர் விற்பவர். விலை ஆயிரக்கணக்கில். அதுகூடப் பெரிதில்லை, தவணையில் கட்டலாம். நம் மூன்று முள் பிளக்கில் இருப்பது பதின்மூன்று ஆம்பியர் ஃபியூஸ். 240 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், மூவாயிரத்துச் சொச்சம் வாட்டுக்கு மேல் அது தாங்காது. பாய்லரும் பெட்டியும் அந்த மேசையின் விசிறியும் சேர்ந்தால் தனி லைன் இழுக்க வேண்டும். அந்தப் பழைய சுவருக்குள் வயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதம், மின்பணியாளர் கூலி, பிறகு அறைக்குள் ஏறும் வெக்கை. பினாங்கு வெயிலில் முன்பாதிக் கடைக்குள் ஒரு கொதிகலனோடு நிற்க எனக்குத் தெம்பில்லை. தலையணை உறை எண்ணிக்கையில் அந்தக் கம்பெனிகளோடு போட்டி போடவும் தெம்பில்லை. அந்தக் கதவை அத்தோடு சாத்தினேன்.

குடுவைப் பெட்டி மிஞ்சியது. இப்போது காசுக் கணக்கு. கரண்ட் பில் எகிறும் என்று என் வீட்டுக்காரர் பயந்தார். ஆயிரம் வாட் பெட்டி எப்போதும் ஆயிரம் வாட் இழுத்துக்கொண்டிருக்காது. தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் விடும். பாதி நேரம் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு நாலு யூனிட். நான் கணக்குப் போட்டபோது தெனாகா நேஷனலின் சிறு வணிகக் கட்டணம் முதல் 200 யூனிட்டுக்கு 43.5 சென், அதற்கு மேல் 50.9 சென். 2025 ஜூலையில் கட்டண முறை மாறும்வரை அதுதான் இருந்தது. நாளுக்கு இரண்டு வெள்ளிக்குள் அடங்கும். ஆவிக்கு எவ்வளவு கூடும்? குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்து முழுக்க ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். நாளெல்லாம் மூன்று, நாலு லிட்டர் போனாலும் ஒரு வெள்ளி, ஒன்றேகால் வெள்ளி. ஒரு சட்டைக் கூலிக்குள் முடிந்துவிடும். கரண்டைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் கணக்குப் போடாதவர்கள்.

நேரம்தான் உண்மையான கணக்கு. காலர், தோள், கப், கை, முன்பக்கம், முதுகு என்று ஒரு சட்டையைச் சுற்றிவர ஆகும் நேரத்தில் நான்கில் ஒரு பங்கு மிச்சமானால்கூட, சில நூறு வெள்ளிப் பெட்டி ஹரி ராயாவும் தீபாவளியும் ஒருமுறை வந்துபோவதற்குள் தன் விலையைத் தானே எடுத்துவிடும். தையற்காரரிடம் கெஞ்சி, மத்தியான நேரத்தில் அவர் மேசையில் என் கடைத் துணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பார்த்தேன். வகை வகையாகப் பார்த்ததில்தான் விஷயம் தெளிந்தது.

டிரையர்ச் சட்டைக்கும் பள்ளிச் சீருடைக்கும் ஆவியை அடிக்க ஆளில்லை. வியாழக்கிழமைகளில் அரசாங்க ஊழியர்கள் உடுத்தும் பாத்தேக் சட்டைக்கும் அப்படியே. கெபாயாவின் பூவேலையை அமுக்காமல், பெட்டியை ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பிடித்து ஆவியை மட்டும் விட்டால் பூ நிமிர்ந்து நிற்கும். டிரை அயனால் இது ஆகவே ஆகாது.

கஞ்சி போட்ட வேட்டியில் ஆவி தோற்றது. கஞ்சி விறைப்பதே சூட்டில் காய்வதால்தான். ஆவி விட்டால் அது இளகி, அடித்தகட்டில் ஒட்டி, பழுப்பாகக் கருகி, அடுத்த வெள்ளைத் துணியில் முத்திரை குத்தும். தைப்பூசத்துக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் குவியும் வேட்டிகளுக்குக் கைத்தெளிப்பும் கனமான டிரை அயனும்தான். பட்டுப் புடவையிலும் குடுவைப் பெட்டியை நான் நம்புவதில்லை. பெட்டி முழுச் சூடு ஏறுமுன் பொத்தானை அமுக்கினால் ஆவிக்குப் பதிலாகச் சொட்டுத் தண்ணீர் விழும். பருத்தியில் அது காய்ந்துபோகும், பட்டில் வட்டமாகக் கறை நிற்கும். தங்க இழை நெய்த சொங்கேட் என்றால் எந்தப் பெட்டியும் நேராகப் படக்கூடாது. குறைந்த சூடு, மேலே மெல்லிய பருத்தித் துணி, தங்க இழையின் மேல் தேய்க்காமல் வைத்து எடுப்பது.

ஆக, பழைய பெட்டிக்கு ஓய்வு கிடையாது என்று ஆயிற்று. மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவள், கூட ஒன்று சேர்ப்பதா என்ற கேள்விக்கு வந்து நின்றேன். கடைக்காரர்கள் யாரும் இப்படிக் கேட்கச் சொல்லித் தரவில்லை.

இதற்கிடையில் இன்னொன்றையும் கவனித்தேன். தையற்காரர் மேசையில் அவ்வளவு நன்றாக வந்த துணி, என் பலகையில் அதே பெட்டியை வைத்தபோது அவ்வளவு நன்றாக வரவில்லை. ஒருநாள் பெட்டியையே கடன் வாங்கி வந்து பார்த்தேன். தேய்க்கும்போது நன்றாக இருக்கும். மடித்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கையிடுக்கில் அலை அலையாக இருக்கும். அவர் மேசைக்கு அடியில் ஒரு விசிறி ஓடுவதை நான் அதுவரை பொருட்படுத்தவே இல்லை. மிதித்தால் அது காற்றை மேலிருந்து கீழே இழுக்கும். துணி வழியாக ஆவி இறங்கி வெளியேறும், துணி அங்கேயே காய்ந்து, ஆறி, இறுகும். எங்கள் பலகை மரம், மேலே கம்பளி, அதற்கு மேல் வெள்ளைத் துணி. விட்ட ஆவியெல்லாம் கம்பளிக்குள் போய்த் தங்கி, அடுத்த சட்டைக்கு அடியில் ஈரமாகக் காத்திருக்கும். பினாங்குக் காற்றில் ஈரம் எப்போதும் கூடுதல், தானாகக் காயவும் காயாது. டிரை அயனுக்கு இந்தப் பலகை போதும், ஏனென்றால் அது ஈரத்தைச் சேர்ப்பதில்லை.

ஆவிப் பெட்டி வாங்கி ஏமாந்ததாகச் சொல்பவர்களில் பாதிப்பேர் பலகையை மாற்றாதவர்கள் என்பது என் எண்ணம். உறிஞ்சும் மேசை புதிதாக வாங்கினால் பெட்டியைவிடப் பல மடங்கு விலை. சின்ன அளவில் பழையதாக ஒன்று, கடையை மூடிய ஒரு தையற்காரரிடமிருந்து கிடைத்தது. அடி அங்குலக் கணக்கு திரும்பவும் வந்தது. மேசை உள்ளே வர, துணி மாட்டும் இரும்புச் சட்டம் ஒன்றைச் சுவருக்கு ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பணம் போதாவிட்டால் எதை முதலில் வாங்குவது என்று இப்போது யாராவது கேட்டால், மேசையை என்பேன். தெளித்துத் தேய்ப்பவருக்கும் அது உதவும். மேசை இல்லாத ஆவி பாதி வேலைதான்.

சென்னைக்கு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது தெருமுனைத் தள்ளுவண்டிகளில் தேய்ப்பவர்களிடம் நின்று பேசினேன். தொழில்காரிக்கு வேறு எங்கே போகத் தோன்றும்? அவர்களுடைய கேள்வி வேறு: கரியா, காஸா. சிலிண்டரிலிருந்து குழாய் போகும் காஸ் பெட்டிகள் அங்கே வந்துவிட்டன. சாம்பல் இல்லை, பொறி இல்லை, காலையில் கரி பற்றவைத்து விசிறும் நேரம் மிச்சம். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி, கரிப்புகையைப் பார்த்துவிட்டுச் சூரிய சக்தியில் ஓடும் தேய்ப்பு வண்டி ஒன்றை வடிவமைத்தார். அதற்கு 2020இல் ஸ்வீடனின் சிறுவர் பருவநிலைப் பரிசு கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசவும் செய்தார். புகையில் நின்று தேய்ப்பவருக்குப் பெட்டி மாற்றுவது நுரையீரல் விஷயம், அங்கே என் கணக்கு நோட்டுக்கு வேலையில்லை. வெளிச்சம் மங்கிய மழை நாளில் வண்டி எப்படி ஓடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மின்கலத்தில் சேமித்து வைக்கிறார்களாம்.

கடைசியில் குடுவைப் பெட்டியை வாங்கினேன். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். நம் நாட்டில் இஸ்திரிப் பெட்டி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மின்சாதனம், எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. இணையத்தில் பாதி விலைக்கு வருபவை பலவற்றில் முத்திரையும் இருக்காது, பிளக்கும் நம்முடையதாக இருக்காது. குடுவையைப் பழைய உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டேன். கடைவீட்டின் உயர்ந்த கூரை முதல்முறையாக எனக்கு லாபம் கொடுத்தது. குடுவைக்குள் உப்பைப் பிடிக்கும் மணிகள் போடுவார்கள். நிறம் மாறினால் மாற்ற வேண்டும். பினாங்குத் தண்ணீர் மென்மையானது என்பதால் கடினத் தண்ணீர் ஊர்க்காரர்களைவிட எனக்கு அது நீடித்து உழைக்கிறது. அதற்காகப் போடாமல் விடுவதில்லை.

கூடவே வாங்கிய சின்னப் பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அடித்தகட்டில் மாட்டும் டெஃப்லான் செருப்பு. கறுப்பு பேண்ட்டில் நேராகப் பெட்டியை வைத்தால் தொடையிலும் பின்பக்கத்திலும் பளபளப்பு ஏறிவிடும். அது அழுக்குமில்லை, துவைத்தாலும் போகாது, இழை நசுங்கிய மினுமினுப்பு. செருப்பு போட்டால் அது வராது. பெட்டி விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. வீட்டில் உள்ள பழைய பெட்டிக்கே பொருந்தும் அளவு கிடைத்தால் புதுப்பெட்டியே வேண்டாம் என்று சிலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மேசையில் ஆவிப் பெட்டி, பலகையில் நேஷனல். சாதாரண நாளில் பத்தில் எட்டுத் துணி மேசைக்குப் போகும். பண்டிகை வாரத்தில் கணக்கு தலைகீழாகும், வேட்டிக்காக நாள் முழுக்கப் பலகையில் நிற்பேன். உதவிக்கு வரும் பையனுக்கு முதலில் டிரை அயனைத்தான் கொடுக்கிறேன். ஆவி தவறுகளை மூடிவிடும். எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு என்று கை கற்றுக்கொள்ள வேண்டுமானால் தெளித்துத் தேய்க்கத் தெரியவேண்டும்.

வீட்டுக்கு வாங்குபவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கொடியில் காயவைத்து, வாரத்துக்குப் பத்துப் பதினைந்து துணி தேய்க்கிறவர்களுக்கு நூறு வெள்ளியைச் சுற்றிக் கிடைக்கும் கனமான டிரை அயனும் ஒரு தெளிப்பானும் போதும். இருக்கும் பெட்டியில் சூடு சரியாக நின்றால் அதுவும் வேண்டாம். பலகைத் துணியை மாற்றுங்கள், அடித்தகட்டைச் சுத்தம் செய்யுங்கள். டிரையர் வைத்திருப்பவர்களும், ஒட்டுவேலையும் பூவேலையும் உள்ள உடுப்பு நிறைய உடையவர்களும் ஆவிப் பெட்டி வாங்கலாம். புள்ளிக் குறியைப் பாருங்கள்: ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. ஆவி பெரும்பாலும் இரண்டு புள்ளிக்கு மேல்தான் ஒழுங்காக வரும்.

என் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரையரில் கடைசிப் பத்து நிமிடத்துக்குக் காசு போடாதீர்கள். லேசான ஈரத்தோடு எடுத்து, ஒருமுறை உதறி, கையால் நீவி மடித்து, நேராகக் கடைக்குக் கொண்டு வாருங்கள். இரவு முழுக்கப் பையில் வைத்திருந்தால் வாடை அடிக்கும், அதை எந்தப் பெட்டியாலும் எடுக்க முடியாது.